ஐசன்ஹோவர் கோப்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக அமெச்சூர் கோல்ஃப் அணிப் போட்டி பற்றிப் பேச்செடுத்தால் சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தனி ஆள் ஆடும் ஆட்டத்தில் அணி எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்கி, இரண்டு அணிகள் சமமாக முடித்தால் கோப்பை யாருக்கு என்பது வரை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். கோல்ஃப் அதிகம் பழக்கமில்லாதவர்கள் முதலிலிருந்து படித்தால் நல்லது. விஷயம் தெரிந்தவர்கள் நேராகக் கடைசி இரண்டு கேள்விகளுக்குப் போய்விடலாம்.

ஐசன்ஹோவர் கோப்பைன்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

நாடுகளின் ஆண் அமெச்சூர் கோல்ஃப் வீரர்கள் அணியாக மோதும் உலகப் போட்டி. போட்டியின் முழுப் பெயர் உலக அமெச்சூர் அணி சாம்பியன்ஷிப். ஜெயிக்கும் ஆண்கள் அணிக்குக் கிடைப்பது ஐசன்ஹோவர் கோப்பை, பெண்கள் அணிக்கு எஸ்பிரிட்டோ சான்டோ கோப்பை. நடத்துவது சர்வதேச கோல்ஃப் கூட்டமைப்பு. ஆண்கள் போட்டி 1958ல் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். 2020ல் மட்டும் கொரோனாவால் நடக்கவில்லை.

ஐசன்ஹோவர்னா அந்த அமெரிக்க ஜனாதிபதியா? அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அவரேதான். இரண்டாம் உலகப் போர்த் தளபதி, 1953 முதல் 1961 வரை ஜனாதிபதி, கூடவே தீராத கோல்ஃப் பைத்தியம். வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டி விடுவது, பழக ஓர் இடம் அமைத்துக்கொண்டவர். அகஸ்டா நேஷனல் கிளப்பில் உறுப்பினர். அங்கே 17ஆவது ஹோலில் (ஹோல் என்றால் பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து குழி வரையிலான ஒரு தடம்) அவர் பந்து அடிக்கடி போய் இடித்த பைன் மரத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 2014ல் வந்த பனிப்புயலில் சேதமாகி அந்த மரத்தை வெட்டும்படி ஆயிற்று.

1958ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் இப்படி ஓர் உலகப் போட்டி நடத்தலாம் என்று யோசித்து, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள, கோல்ஃப் விதிகளைக் கவனிக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பையும் சேர்த்துக்கொண்டது. அந்த மே மாதம் 35 நாடுகளின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் கூடினார்கள். அங்கே பிறந்த அமைப்புதான் இன்று சர்வதேச கோல்ஃப் கூட்டமைப்பு என்ற பெயரில் இயங்குகிறது. வந்தவர்களைச் சந்தித்த ஐசன்ஹோவர், நட்சத்திர ஆட்டக்காரர்களோடு சுமாராக ஆடுபவர்கள் சிலரையும் அழைத்துப் போங்கள், ஆட்டம் ரொம்பத் தீவிரமாகிவிடாமல் இருக்கும் என்று யோசனை சொன்னார். அது நடக்கவில்லை. ஆனால் உலக மக்களிடையே நட்பையும் விளையாட்டு உணர்வையும் வளர்க்க என்ற பொருளில் ஒரு வாசகம் கோப்பையில் பொறிக்கப்பட்டது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் என்பதை நினைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும்.

அமெச்சூர்னா சுமாரா ஆடுறவங்கதானே? அதை ஏன் பார்க்கணும்?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. அமெச்சூர் என்றால் பரிசுப் பணத்துக்காக ஆடாதவர், அவ்வளவுதான். ஆட்டத்தின் தரத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. ஜாக் நிக்லஸ், டைகர் வுட்ஸ், மைக்கேல் காம்ப்பெல், ஜஸ்டின் தாமஸ், ஜான் ராம், காலின் மொரிகாவா எல்லாருமே தொழில்முறைக்குப் போகும் முன் இந்தப் போட்டியில் ஆடியவர்கள். நாளைக்கு யார் பெயர் பெரிதாக அடிபடும் என்று தெரிய வேண்டுமானால் இதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு அழகும் இதில் உண்டு. 1994ல் பாரிஸ் அருகே ஜெயித்த அமெரிக்க அணியில் டைகர் வுட்ஸுக்கு வயது 18, அவரோடு ஆடிய ஆலன் டாய்லுக்கு 46. தொழில் ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் என்று வாழ்ந்தவரும் கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்த பையனும் ஒரே அணி. இப்போது அணிகளில் பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள்தான்.

பணம் பற்றிய விதி 2022 ஜனவரியில் தளர்ந்தது. அமெச்சூர் வீரர் விளம்பர ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், 1,000 டாலர் அல்லது 700 பவுண்டு வரை பரிசும் வாங்கலாம். ஐசன்ஹோவர் கோப்பையில் பரிசுப் பணம் கிடையாது. பதக்கம் உண்டு, கோப்பை அடுத்த போட்டி வரைக்கும் ஜெயித்த நாட்டிடம் இருக்கும்.

கோல்ஃப் ஒத்தை ஆள் ஆட்டம். இதுல அணி ஸ்கோரை எப்படிக் கணக்கு போடுவாங்க?

அணிக்கு மூன்று பேர். நான்கு நாள், தினமும் 18 ஹோல். ஒவ்வொருவரும் தன் பந்தைத் தானே அடித்து முழுச் சுற்றையும் முடிக்க வேண்டும். அன்றன்று மூன்று ஸ்கோரில் குறைவான இரண்டை மட்டும் கூட்டுவார்கள், மூன்றாவதை விட்டுவிடுவார்கள். நான்கு நாளும் சேர்த்து எட்டு ஸ்கோர். மொத்தத்தில் குறைந்த அடிகள் எந்த அணிக்கோ அந்த அணி சாம்பியன்.

முதல் நாள் ஓர் அணியில் 70, 73, 79 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். அணிக்கு 143; அந்த 79 போயிற்று. மறுநாள் 79 அடித்தவரே 68 அடிக்கிறார், மற்றவர்கள் 74, 75. இப்போது அணிக்கு 142, விடப்பட்டது 75. நேற்று கணக்கிலேயே வராதவர் இன்று அணியைத் தூக்கி நிறுத்துகிறார். யாருடைய ஸ்கோர் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் முடியாது.

கடைசி ஹோலில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். இரண்டு பேர் 71, 74 என்று முடித்துவிட்டு, குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீன் ஓரமாக நிற்கிறார்கள். மூன்றாமவர் ஆறடி தூரத்தில் ஒரு பட் அடிக்கப் போகிறார். உள்ளே போனால் அவருக்கு 73, அணியின் கணக்கில் ஓர் அடி குறையும். போகாவிட்டால் அடுத்ததைத் தட்டி அவருக்கும் 74, அணிக்கு எந்த மாற்றமும் இல்லை. அதே பட்டை 76க்காக அடிக்கிறார் என்றால், போனாலும் போகாவிட்டாலும் அன்றைய அணி ஸ்கோர் ஒன்றுதான். ஒரே மைதானம், ஒரே தூரம், ஆனால் பட்டின் எடை வேறு வேறு. தனிநபர் போட்டியில் இது கிடையாது. எனக்கு இந்தப் போட்டி பிடித்ததே இதனால்தான்.

அணிக்கு நாலு பேர்னு எங்கேயோ படிச்ச ஞாபகம். எது சரி?

இரண்டும் சரி, காலம்தான் வேறு. ஆண்கள் போட்டியில் 2000 வரை நான்கு பேர் ஆடி, சிறந்த மூன்று ஸ்கோர்கள் எடுக்கப்பட்டன. 2002ல் மலேசியாவின் சௌஜானாவில் நடந்ததிலிருந்து மூன்று பேர், இரண்டு ஸ்கோர். பெண்கள் போட்டியில் தொடக்கம் முதலே மூன்றுக்கு இரண்டுதான்.

அதனால் பழைய மொத்த ஸ்கோரையும் புதியதையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. அங்கே 12 சுற்றுகள், இங்கே 8.

ஒருத்தருக்கு உடம்பு முடியாமப் போச்சுன்னா அணியே அவுட்டா?

இல்லை. மற்ற இருவரின் ஸ்கோரும் அன்றைக்கு அப்படியே எடுக்கப்படும். ஆனால் விட்டுவிட மூன்றாவது ஸ்கோர் இல்லாததால், அவர்கள் இருவரும் சறுக்குவதற்கு இடமே இல்லை.

ஒரே நாட்டுக்காரங்க மூணு பேரும் சேர்ந்தேதான் ஆடுவாங்களா?

மாட்டார்கள். மூன்று நாடுகளை ஒன்றாக இணைத்து, நாட்டுக்கு ஒருவர் வீதம் மூன்று பேர் கொண்ட குழுவாக அனுப்புவார்கள். உங்கள் அணிக்காரர் உங்களுக்கு முந்தின குழுவிலோ பிந்தின குழுவிலோ இருப்பார். என்ன அடித்தார் என்பது பல நேரம் ஸ்கோர்போர்டைப் பார்த்துத்தான் தெரியும்.

கோல்ஃபில் உங்கள் ஸ்கோர் கார்டை உங்களோடு ஆடுபவர் எழுதுவார். இங்கே அவர் வேறு நாட்டுக்காரர். ஹோல் முடிந்ததும் எத்தனை அடி என்று சொல்வதும், அவர் எழுதுவதும், கடைசியில் இருவரும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதும் நான்கு நாளும் நடக்கும். கோப்பையில் எழுதியிருக்கும் நட்பு என்ற சொல்லுக்கு மைதானத்தில் உண்மையான வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

முதல் போட்டி எப்படி இருந்துச்சு?

1958 அக்டோபர், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ், 29 அணிகள். நான்கு நாள் முடிவில் ஆஸ்திரேலியா 918, அமெரிக்கா 918, பிரிட்டன்-அயர்லாந்து கூட்டணி 919. அந்த 918ஐ 12 சுற்றுகளுக்குப் பிரித்தால் சுற்றுக்கு 76.5 வருகிறது. உலகின் சிறந்த அமெச்சூர்களையே அந்தக் கடற்கரை மைதானம் அந்தப் பாடு படுத்தியிருக்கிறது. தனிநபர் பட்டியலில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட மூவரின் ஸ்கோர் 301, அதாவது சுற்றுக்கு 75க்கும் மேல்.

சமன் ஆனதால் இரு அணிகளும் இன்னொரு 18 ஹோல் ஆடின. நான்கில் சிறந்த மூன்று என்ற அதே கணக்கில் ஆஸ்திரேலியா 222, அமெரிக்கா 224. டக் பாக்லி, புரூஸ் டெவ்லின், பீட்டர் டூகுட், பாப் ஸ்டீவன்ஸ் என்ற நால்வரும் முதல் கோப்பையை வாங்கினார்கள்.

தோற்ற அணியின் கேப்டன் பாபி ஜோன்ஸ். 1930ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்று, போட்டிகளில் கடைசிவரை அமெச்சூராகவே ஆடிய மனிதர். 1958ல் முதுகுத்தண்டு நோயால் நடக்கவே சிரமப்பட்டார், ஆடாத கேப்டனாக வந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர் அவருக்கு நகரத்தின் கௌரவக் குடியுரிமையை அளித்தது. அவருக்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அதுவும் 1759ல். செயின்ட் ஆண்ட்ரூஸ் அனுபவங்களை மட்டும் விட்டுவிட்டு வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் தன் வாழ்வு நிறைவானதாகவே இருக்கும் என்று அந்த விழாவில் பேசினார். அமெச்சூர் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் அமைந்திருக்க முடியாது.

ரைடர் கோப்பை, வாக்கர் கோப்பை எல்லாம் இதே மாதிரிதானே?

இல்லை. ரைடர் கோப்பை தொழில்முறை வீரர்களுக்கானது, அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதுவது. வாக்கர் கோப்பை அமெச்சூர்களுக்குத்தான், ஆனால் அமெரிக்காவும் பிரிட்டன்-அயர்லாந்தும் மட்டும். இரண்டிலும் நேருக்கு நேர் மோதி ஹோல் ஹோலாக ஜெயிப்பார்கள். இங்கே எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் மைதானத்தோடு மோதுகின்றன, மொத்த அடிகள்தான் கணக்கு.

எப்படியும் அமெரிக்காதானே ஜெயிக்கும்?

2023 வரை 16 முறை அமெரிக்கா வென்றிருக்கிறது, அடுத்து வருபவர்கள் நான்கைத் தாண்டவில்லை. 1960ல் பிலடெல்பியா அருகே மெரியனில் வென்றது 42 அடி வித்தியாசத்தில். 20 வயது ஜாக் நிக்லஸ் 66, 67, 68, 68 என்று 269 அடித்தார். அதே மைதானத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன் பென் ஹோகன் அமெரிக்க ஓப்பனை வென்றபோது நான்கு சுற்று ஸ்கோர் 287. மைதானத்தின் நிலை இரண்டு முறையும் ஒன்றல்ல என்றாலும், இந்தப் பையன் வேறு ரகம் என்று அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் 1984 முதல் 1992 வரை ஐந்து போட்டிகளில் ஜப்பான், கனடா, பிரிட்டன்-அயர்லாந்து, சுவீடன், நியூசிலாந்து என்று வரிசையாக வேறு நாடுகள் வென்றன. 2006ல் நெதர்லாந்து, 2008ல் ஸ்காட்லாந்து, 2010ல் பிரான்ஸ். 2018ல் அயர்லாந்தின் கார்ட்டன் ஹவுஸில் டென்மார்க் ஒரே அடி வித்தியாசத்தில் அமெரிக்காவை முந்தியது. அந்த டென்மார்க் அணியில் இரட்டையர்களான நிக்கோலாய், ராஸ்மஸ் ஹோய்கார்ட். எதிரே அமெரிக்க அணியில் மொரிகாவா. மூன்று நல்ல ஆட்டக்காரர்கள் ஒரே வாரத்தில் ஃபார்மில் இருந்தால் சின்ன நாடும் ஜெயிக்கலாம் என்பதுதான் மூன்றுக்கு இரண்டு முறையின் நல்ல பக்கம்.

தனியா யார் குறைவா அடிச்சாங்கன்னு பரிசு உண்டா?

பட்டியல் வெளியிடுவார்கள், முதலில் வந்தவரை மரியாதை செய்வார்கள். ஆனால் இது அணிப் போட்டி, தனிநபர் பட்டம் என்று ஒன்று கிடையாது. 2014ல் ஜப்பானின் கருய்சாவாவில் தனிநபர் பட்டியலில் முதலிடம் ஸ்பெயினின் ஜான் ராமுக்கு, கோப்பை அமெரிக்காவுக்கு. 2012ல் துருக்கியின் அந்தால்யாவில் பெண்கள் பட்டியலில் முதலிடம் நியூசிலாந்தின் லிடியா கோவுக்கு, கோப்பை கொரியாவுக்கு. ஒரே ஆளால் முடியாது. தினமும் இரண்டாவது ஸ்கோர் ஒன்று வேண்டும்.

பெண்கள் போட்டி எப்ப ஆரம்பிச்சது?

1964ல், பாரிஸ் அருகே செயின்ட் ஜெர்மைனில். கோப்பையைத் தந்தது போர்ச்சுகலின் எஸ்பிரிட்டோ சான்டோ குடும்பம். முதல் முறையே பிரான்ஸ் ஒரே அடி வித்தியாசத்தில் அமெரிக்காவை வென்றது. அந்த அணியில் 19 வயது கேத்தரின் லகோஸ்ட் இருந்தார். முதலைச் சின்னம் போட்ட சட்டைக்குப் பெயர் தந்த டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்டின் மகள். மூன்று ஆண்டு கழித்து, 1967ல், அமெரிக்க மகளிர் ஓப்பனை அமெச்சூராகவே வென்றார். அதைச் செய்த அமெச்சூர் அவர் ஒருவர்தான்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்துன்னு தனித்தனியா ஆடுறாங்களே, அது எப்படி?

ஆண்கள் போட்டியில் 2000 வரை பிரிட்டன்-அயர்லாந்து ஒரே அணி, 2002லிருந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என நான்கு அணிகள். ஆகவே பழைய பட்டியலில் கூட்டணிக்கு இருக்கும் நான்கு வெற்றிகளை ஸ்காட்லாந்தின் 2008 வெற்றியோடு சேர்த்து எண்ணக் கூடாது.

இந்தியா ஆடுதா? ஜெயிச்சிருக்கா?

ஆடியிருக்கிறது. அணியை அனுப்புவது இந்திய கோல்ஃப் யூனியன். 2023 வரை வென்றதில்லை. ஆண்கள் பிரிவில் அதுவரை வென்ற ஒரே ஆசிய நாடு ஜப்பான்தான், 1984ல் ஹாங்காங்கில்.

இந்திய அமெச்சூர் அணிக்குப் பெருமை சேர்ந்தது ஆசிய விளையாட்டில். 1982ல் டெல்லியில் கோல்ஃப் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது லட்சுமண் சிங் தனிநபர் தங்கம் வாங்கினார், அணித் தங்கமும் இந்தியாவுக்கே. இதை நம் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் அடிக்கடி நினைவுபடுத்தலாம்.

இப்ப எல்லா நாடும் ஆட முடியாதாமே?

ஆமாம். 2018ல் ஆண்கள் பிரிவில் 70க்கும் மேற்பட்ட அணிகள் வந்தன. அவ்வளவு பேரை ஆடவைக்க இரண்டு மைதானங்கள் தேவைப்பட்டன. 2022ல் பாரிஸில் நடந்த கையோடு 2023ல் அபுதாபியில் நடத்தி, ஒற்றைப்படை ஆண்டுகளுக்கு மாறினார்கள். அப்போதிலிருந்து 36 அணிகள்தான். தகுதியை முடிவு செய்வதில் உலக அமெச்சூர் தரவரிசைக்குப் பெரிய பங்கு. 2025 போட்டி சிங்கப்பூரின் தானா மேராவில் நடந்தது.

நடத்துபவர்களுக்கு இது வசதி என்பது புரிகிறது: 108 பேர், ஒரே மைதானம், எல்லா அணிக்கும் ஒரே சூழல். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கடைசி இடத்தில் முடிக்கும் நாட்டுப் பையனும் நான்கு நாள் உலகின் சிறந்தவர்களோடு நடந்து, அவர்கள் கார்டை எழுதி, தன் கார்டில் அவர்கள் கையெழுத்தை வாங்கிப்போவான். 1958ல் கூடிய 35 நாடுகள் விரும்பியது அதைத்தான். தகுதிச் சுற்று வைத்தாவது அந்தச் சின்ன நாடுகளுக்கு வழி திறக்க வேண்டும் என்பது என் கருத்து.

மழை பெஞ்சா என்ன பண்ணுவாங்க?

காத்திருப்பார்கள், முடியாவிட்டால் சுற்றைக் குறைப்பார்கள். 2012ல் அந்தால்யாவில் ஆண்கள் போட்டி மழையால் 54 ஹோலோடு முடிந்தது. ஜஸ்டின் தாமஸ் இருந்த அமெரிக்க அணி அதை வென்றது.

ரெண்டு அணி சமமா முடிச்சா? இன்னும் 18 ஹோல் ஆடுவாங்களா?

1958ல் ஆடினார்கள், மேலே சொன்னேன். இப்போது அப்படி இல்லை. கடைசி நாளில் விடப்பட்ட ஸ்கோரை எடுத்துப் பார்ப்பார்கள். இரு அணியிலும் கணக்கில் வராமல் போன மூன்றாமவர் என்ன அடித்தார், யாருடையது குறைவு, அந்த அணிக்குக் கோப்பை.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதி இல்லை. 2006ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் பெண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவும் சுவீடனும் சமமாக முடித்தன. விடப்பட்ட ஸ்கோரை ஒப்பிட்டதில் சொந்த மண்ணில் தென்னாப்பிரிக்காவுக்கு முதல் பட்டம் கிடைத்தது. 2022ல் பாரிஸில் அதே பெண்கள் பிரிவில் சுவீடனும் அமெரிக்காவும் சமமானபோது அதே விதி சுவீடனுக்குக் கைகொடுத்தது.

கூடுதல் ஹோல்கள் ஆடவைத்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது விறுவிறுப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் அணி என்றால் மூன்று பேரும்தானே? இரண்டு பேரின் கணக்கு சமமாகும்போது மூன்றாமவரைக் கேட்பது நியாயமாகவே எனக்குப் படுகிறது.

அப்போ கடைசி நாள் மோசமா ஆடிக்கிட்டு இருக்கறவர், எப்படியும் நம்ம ஸ்கோர் போயிடும்னு சும்மா முடிச்சிட முடியாதா?

முடியாது. அவருக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருக்கும் அணிக்காரர் கடைசி இரண்டு ஹோலில் தண்ணீரில் ஒன்று, மணலில் ஒன்று என்று நான்கு அடி விட்டுவிட்டால், போய்விடும் என்று நினைத்த ஸ்கோர் உள்ளே வந்துவிடும். அப்படி வராவிட்டாலும், சமன் ஆனால் முதலில் எடுப்பது அவர் கார்டைத்தான். நான்காவது கேள்வியில் 76க்காக அடித்த அந்த ஆறடி பட் அன்றைய கணக்கை மாற்றாது என்று சொன்னேன். அது முதல் மூன்று நாளுக்குத்தான் பொருந்தும். கடைசி நாளில் அதே பட் போகாமல் 77 ஆகி, எதிரணியின் மூன்றாமவர் 76 அடித்திருந்தால், சமநிலையில் கோப்பை அவர்களுக்குப் போகும். அதனால்தான் நல்ல கேப்டன்கள் கடைசி நாளில் முன்னணி ஆட்டக்காரரைவிட, பின்தங்கிப் போன மூன்றாமவரோடு அதிக நேரம் நடப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம்.